பேடை அணைத்தது யார்?

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். கர்த்தர் கிருபையால் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? உண்மையை எழுதுங்கள். போனில் பேசினால் மதினி காதில் விழும், அதனால்தான் கடிதம்.

என் அறைத்தோழி பிலோமினாவுக்கு ஆஸ்பத்திரியில் எப்போதும் எனக்கு எதிர் ஷிப்ட். அறையில் ஒரு சத்தமாவது இருக்கட்டும் என்று இங்கே துவாரகா சந்தையில் ஆறு கோழிக்குஞ்சு வாங்கினேன். குளிருக்குத் தொங்கவிட்ட பல்பு விழுந்து அட்டைப்பெட்டி லேசாகக் கருகியது. பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகவில்லை. பிறகு கம்பியை வளைத்து வைத்து, என் இடுப்புவலிக்குச் சூடு கொடுக்கும் மின்சார ஹீட்டிங் பேடை அதன் மேல் கூரையாகப் போட்டேன். தாய்க்கோழியின் இறக்கை என்று நினைத்து எல்லாம் அடியில் ஒண்டிக்கொண்டன.

ஆனால் தினமும் நான் திரும்பும்போது பேட் சில்லிட்டுக் கிடந்தது, குஞ்சுகள் நடுங்கின. நாற்றம் பிடிக்காமல் பிலோமினாதான் அணைக்கிறாள் என்று சுவிட்சில் பிளாஸ்திரி ஒட்டி, வார்டில் செய்வதுபோல் தேதியும் கையெழுத்தும் போட்டேன். பிளாஸ்திரி பிரியவில்லை, பேட் மட்டும் சில்லென்றிருந்தது.

"ஏட்டி, என்னையவா சந்தேகப்படுத? அது மனுசருக்குச் செஞ்சது. ரெண்டு மணி நேரத்துல தானா அணைஞ்சிரும்" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். தானாக அணையாத பேடும் வாங்கிவிட்டேன்.

அம்மா, உங்கள் முழங்காலுக்கு நான் அனுப்பியதும் அந்தத் தானாக அணையும் பேட்தான். மதினி அணைப்பதாகச் சொல்லி ஒரு மாதமாக அவர்களோடு பேசாமல் இருக்கிறீர்களே!

குஞ்சுகளுக்கு விரிக்க உங்கள் பழைய சேலை ஒன்று வேண்டும். துவைக்காவிட்டாலும் பரவாயில்லை. மதினியைப் பார்சல் போடச் சொல்லுங்கள். நீங்களே வாய் திறந்து கேட்டீர்களா என்று அவர்களிடம் விசாரிப்பேன்.

பஸ் வந்துவிட்டது.

வினோலியா