பதில் வராத அறை

நாள் 212, காலை 6.10. நிலவுக் குடியிருப்பு, சமையலறை.
காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. ஆட்கள் பதினொன்று, நேற்றுவரை பன்னிரண்டு.
காலை ஆறு மணிக்குக் கணினி அறை அறையாக மூன்று முறை "நலமா?" என்று கேட்கும். பதில் வராவிட்டால் ஆள் இறந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டிக் காற்றை உறிஞ்சிவிடும். என் வீட்டுக்காரர் வடமலை தூங்கிக்கொண்டுதான் இருந்தார், காதுக் கருவியைக் கழற்றிவைத்துவிட்டு. தினமும் அவருக்கும் சேர்த்து நான்தான் பதில் சொல்வேன். நேற்று மாவு புளித்துவிடுமென்று சீக்கிரமே இங்கே வந்துவிட்டேன். கதவைத் திறக்க ஒரு மணி நேரம் ஆனது.

நாள் 213, காலை 9.30.
எனக்கு எதுவும் மறக்காது. ஏழு வருடம் முன்பு, சித்திரை மாதம், செவ்வாய்க்கிழமை. பூமியில் இந்தக் குடியிருப்பை வரைந்துகொண்டிருந்த அறைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். பொறியாளர் கோகுலன் பச்சைச் சட்டை போட்டிருந்தான்.
"காது கேக்காதவங்க தூங்கிட்டா என்ன பண்ணும், தம்பி?"
"இப்பம் வெறும் படந்தான் ஆச்சி. கட்டி முடிச்சப்புறம் சோதிச்சுப் பாப்போம். நீங்களும் உப்பு கடைசியிலதான பாக்கீங்க?"
"பருப்பு வேகுமான்னு கடையிலயே கடிச்சுப் பாப்பேன்."
எல்லோரும் சிரித்தார்கள். குழாய் பொருத்த வந்திருந்த வடமலையும் சிரித்தார்.

நாள் 219, மதியம் 1.40.
பூமியிலிருந்து கோகுலன்: "திருத்தியாச்சு ஆச்சி. மூணாந்தடவ கேக்கதுக்கு முந்தி கட்டில் அதிரும்."
"சோதிச்சியா?"
"கப்பல் வந்து எறங்கட்டும், பாத்துக்கிடலாம்."
கப்பல் நாளை மதியம் இறங்குகிறது. நாற்பது பேர். பட்டியலைப் படித்தேன். செண்பகா, வயது ஆறு, காது கேளாது. அவளுக்கும் அவள் தாய்க்கும் எங்கள் அறையைக் கொடுத்திருக்கிறார்கள். தாயும் ஒருநாள் சீக்கிரம் எழுந்துபோவாள்.

நாள் 220, காலை 5.50. எங்கள் அறை.
ஆளில்லாத படுக்கையைக் கணினி கேட்காது. அதனால் நான் படுத்திருக்கிறேன். காதில் பஞ்சு, மேலே மெழுகு. எழுத எழுத இது கப்பலுக்கும் போகும். திருத்தியது உண்மையானால் கட்டில் அதிரும். எழுந்து உப்புமா கிண்டப் போவேன்.

6.00. முதல் அழைப்பு நேரம்.

6.02. இரண்டாவது.

6.03. இப்போது அதிர வேண்டும். கட்டில் சட்டத்தின் மேல் தண்ணீர்க் குவளை வைத்திருக்கிறேன். தண்ணீர் அசையவில்லை. எழுந்துவிடலாம். எழுந்தால், "நீங்கதான் அசஞ்சிட்டீங்களே ஆச்சி, அதான் அதிரல" என்பான் கோகுலன்.

6.04. கதவு மூடிவிட்டது. தண்ணீர் அப்படியே இருக்கிறது.
கப்பலில் வருகிறவர்களே, செண்பகாவை இங்கே படுக்க