எஸ்பெராமோஸில் நான் உண்டா

தூத்துக்குடி

அன்பு மகன் ஸ்டெபினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தரின் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், அந்த வலென்சியாத் துறைமுகத்தில் உன்னையும் அப்படியே வைத்திருப்பார் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, உன் தங்கை ஜெனிலாவுக்குப் பரீட்சை முடிந்தது. நான் அனுப்பிய மக்ரூன் வந்து சேர்ந்ததில் சந்தோஷம், ஆனால் உனக்கு அறை வாடகைக்கு விட்டிருக்கும் பிலார் அம்மாள் அதைக் காபியில் முக்கித் தின்பதைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்க வேண்டாம். மக்ரூனை முக்கினால் அப்புறம் என்ன மிஞ்சும். போன ஞாயிறு வீடியோவில் நீ மாமா மாமா என்று கூப்பிட்டது காதில் விழுந்தபோது அவள் வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுகிறாய் என்று இருந்தேன். ஜெனிலாதான், அங்க மாமான்னா அம்மா, அவளத்தான் அம்மான்னு கூப்பிடுதான்மா என்று சிரித்தாள். அன்றைக்கே போனில் ஸ்பானிஷ் பாடம் ஆரம்பித்துவிட்டேன்.

ஒன்றும் கஷ்டமில்லை. நம் தமிழ் மாதிரியே வினையின் வால் ஆளைச் சொல்லிவிடுகிறது. எஸ்பெரார் என்றால் காத்திருப்பது. எஸ்பெரோ, காத்திருக்கிறேன். எஸ்பெராஸ், காத்திருக்கிறாய். எஸ்பெரா, அவனுக்கும் அவளுக்கும் பொது. எஸ்பெராமோஸ், காத்திருக்கிறோம். நீங்கள் என்றால் எஸ்பெராயிஸ், அவர்கள் என்றால் எஸ்பெரான். இதே வால்களைப் பேசுவதற்கும் பாடுவதற்கும் மாட்டிக்கொள்ளலாம். அப்பா, ஏளா, சோறு தீயுது, நீ இங்கன யாரை எஸ்பெரா பண்ணுத என்று கேலி செய்கிறார்.

ஏன் இந்தச் சொல்லை முதலில் படித்தேன் தெரியுமா, போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து உன்னை வீடியோவில் கூப்பிட்டு, கிறிஸ்மஸுக்கு வாரியாலே என்று கேட்டேன். நீ பிலார் அம்மாள் பக்கம் திரும்பினாய். அவள் எஸ்பெராமோஸ் என்றாள், நீயும் எஸ்பெராமோஸ் என்று சிரித்தாய், என்னிடம் ஒண்ணுமில்லம்மா என்றாய். ஒன்றுமில்லாததற்கு இரண்டு பேர் எதற்குச் சிரிக்க வேண்டும். நமக்கு நாம் வேறு, நாங்கள் வேறு, அந்த மொழியில் இரண்டுக்கும் ஒரே மோஸ்தான். யார் பேரில் என்று தெரியாத வரவை நான் வீட்டுக் கணக்கில்கூட ஏற்றியதே இல்லை. அந்த மோஸில் நீயும் அவளும் மட்டுமா, நானும் உண்டா. உண்டு என்றால் ஏன் இன்னும் டிக்கெட் போடவில்லை. அவளுக்குப் பிள்ளை இல்லை, பண்டிகைக்குத் தனியாக இருப்பாள் என்று நீ சொல்வாய். அவளுக்காகவும் ஜெபிக்கத்தான் செய்கிறேன், ஆனால் உன் பேருக்குப் பிறகுதான், அதுவும் கொஞ்சம் மெதுவாக.

குளிரில் காதை மூடிக்கொள். வாரத்தில் ஒருநாளாவது கோயிலுக்குப் போ. லீவுக்கு எழுதிக் கொடுக்க மறந்துவிடாதே. நீ போகும்போதும் வரும்போதும் கர்த்தர் காக்கட்டும், இந்த முறை வரும்போது காப்பதை முதலில் செய்யட்டும். பிலார் அம்மாளிடம் சொல், உன் அம்மாவும் எஸ்பெராமோஸ் படித்துவிட்டாள் என்று. இங்கே அதற்கு நாங்கள் என்று அர்த்தம், அப்பா, ஜெனிலா, நான். நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அது நாம் ஆகும்.

உன் அம்மா,
ஜெயசெல்வி