ஈரச் சாக்கும் இடது ஓரக் கட்டையும்

உங்கள் மகன் இன்று காலை அல்லிநகரம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் ஈரச் சாக்கு வாடை அடித்தது. வெற்றிலைக் கட்டு ஏற்றும் வண்டியின் வாடை. எத்தனை தரம் கழுவினாலும் போகாது என்பீர்கள். வண்டி புதிது, வாடை அதேதான்.

என் மனைவியின் பியானோ மறுபடி வீடு மாறுகிறது. அவளால் மாடிப்படி ஏற முடியவில்லை. உத்தமபாளையத்தில் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம்.

முதல் முறை அதைப் போடியிலிருந்து கொண்டுவந்தது நீங்கள். அவள் அப்பா இறந்து, வீட்டையும் விற்ற பிறகு அவளுக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். மதுரையிலிருந்து ஆள் வரவழைக்கலாம் என்றாள். நான்தான் உங்களைக் கூப்பிட்டேன். சின்னமனூர் வெற்றிலையை ஓர் இலை கசங்காமல் கொண்டுசேர்ப்பவராயிற்றே.

"என்ன சார், உள்ள ஆளு எதும் உக்காந்திருக்காகளா? இந்தக் கனம் கனக்குது!"

"மெதுவாண்ணே, மெதுவா" என்று பதறினாள் அவள்.

"வெத்தலைக்கே வலிக்காம ஏத்துற கை ஆத்தா இது. நீ முன்னால போயி வீட்டத் தெறந்து வையி."

கோடாங்கிபட்டியில் டீக்கு நிறுத்தினோம். நல்ல வெயில். நீங்கள் ஒரு வாளித் தண்ணீர் வாங்கி, பியானோவைச் சுற்றியிருந்த சாக்கின் மேல் அள்ளி அள்ளித் தெளித்தீர்கள். ஒவ்வொரு டீக்கடையிலும் வெற்றிலைக்குச் செய்து பழகிய கை. பத்திரிகை அலுவலகத்துக்குப் போனில் செய்தி சொல்லிக்கொண்டே நானும் பார்த்தேன். வெயில் சூடு பியானோவுக்கு ஆகாது, தண்ணீர் நல்லதுதான் என்று நானும் நினைத்தேன்.

ஒரு வாரத்தில் இடது ஓரக் கட்டை ஊறிப் புடைத்துவிட்டது. அழுத்தினால் இறங்கும், மேலே வராது. விரலால் தூக்கிவிட வேண்டும். அவள் ஒருநாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் சொன்னாள்: "அண்ணன்கிட்ட சொல்லிராதீக. அவுக தாங்க மாட்டாக."

அதன்பின் எங்கே பார்த்தாலும் கேட்பீர்கள்: "பொட்டி பேசுதா சார்?"

"நல்லாப் பேசுதுண்ணே."

ஒரு பெயர் பிசகினாலும் மறுநாள் திருத்தம் போடும் தொழிலில் இருந்தவன் நான். இந்தத் திருத்தத்தை மட்டும் போடவே இல்லை. நீங்கள் வீட்டுக்கு வந்து வாசிக்கச் சொன்னால், அந்தக் கட்டை வராத பாட்டாகப் பார்த்து அவள் வாசிப்பாள்.

"அந்த ஓரத்துப் பக்கமே போக மாட்டேங்குறியே ஆத்தா?"

"அங்கன எனக்குக் கை வராதுண்ணே."

நீங்கள் சிரித்தீர்கள். உங்களை அடக்கம் செய்த அன்று அந்தச் சிரிப்புதான் நினைவில் நின்றது. சொல்லியிருக்கலாமோ என்றிருந்தது.

இன்று உங்கள் மகன் உலர்ந்த கம்பளிகளால் பியானோவைச் சுற்றினான். வழியில் டீக்கு நிறுத்தியபோது, சுமை தூக்க வந்தவர் பழக்கத்தில் வாளியை எடுத்தார்.

"ஏலே, வாளியக் கீழ வையி!" என்று கத்தினான். பிறகு என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"படுக்கையில கெடக்கும்போது எங்க அத்தா சொன்னாக சார். 'சார் வீட்டுப் பொட்டிய ஏத்துனா தண்ணி மட்டும் தெளிச்சிராத. ஒரு கட்டைய நான் கெடுத்துட்டேன். புருசனும் பொண்டாட்டியும் இத்தன வருசமா மறைக்கிறாக, நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன்'னு."

டீயைக் கீழே வைத்துவிட்டு வண்டியில் ஏறினேன்.

உத்தமபாளையத்தில் இறக்கி வைத்ததும் அவளிடம் சொன்னேன். சிறிது நேரம் மூடியைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, நீங்கள் இருந்தவரை உங்கள் முன் வாசிக்காத ஒரு பாட்டை வாசித்தாள். உங்கள் மகன் சுவரோரம் நின்று கேட்டான். இடது ஓரக் கட்டை இறங்கியது, அப்படியே நின்றது. பாட்டை நிறுத்தாமல் சுண்டுவிரலால் அதைத் தூக்கிவிட்டுத் தொடர்ந்து வாசித்தாள்.

பேசுதுண்ணே. ஒரு கட்டையை மட்டும் கொஞ்சம் தூக்கிவிடணும்.