பரீட்சைக்காக மலையேறாமல் நிற்கும் ஆடுகள்

அனுப்புநர்:
பெய்ஷென் சகின்பாயெவ், ஆடு மேய்ப்பவர்,
மேல்தெரு, கோக்-ஜார் கிராமம்,
நாரின் மாகாணம், கிர்கிஸ்தான்.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்,
ஆற்றுப்பாலம் அருகில், கோக்-ஜார்.

பொருள்: என் மகள் கனிஷாய் ஒன்பதாம் வகுப்புத் தேர்வு எழுத அனுமதி மறுக்கப்பட்டது – புல் தீர்வதற்குள் உத்தரவு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

நான் சொல்லச் சொல்ல இம்மனுவை எழுதிக்கொண்டிருப்பவள் மேற்படி கனிஷாய் என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். ஆம் அம்மா, அவளேதான்!

1. என் மகளுக்கு எழுத்துகள் வரியில் நிற்காமல் நழுவும். எங்கள் ஊர்ப் பள்ளியில் அவளை எழுப்பி நிறுத்தி உரக்க வாசிக்கச் சொல்வார்கள், வகுப்பே சிரிக்கும். எட்டாம் வகுப்பில் தலைமையாசிரியர் உர்மத் எசென்கானொவ் என்னை அழைத்து, "உன் பொண்ணுக்கு ஆடு மேய்க்கிறதுதான் படிப்பு, கூட்டிட்டுப் போய்யா" என்று கூறி, பெயரையும் நீக்கிவிட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் ஆட்டுப்பட்டியிலேயே கிடந்தாள். இவ்விடத்தில் அவரைப் பற்றி நான் சொன்ன ஒரு சொல்லை என் மகள் எழுத மறுக்கிறாள்.

2. இவளைப் போலப் பள்ளியில் ஒட்டாமல் வெளியேறிய பிள்ளைகளுக்காக நசிரா ஆசிரியை பழைய பால்பண்ணைக் கட்டடத்தில் மாற்றுப் பள்ளி நடத்துகிறார். மந்தைகள் மலையிறங்கும்போது திறப்பார், ஏறும்போது மூடுவார். அவர் அட்டையில் சிறு ஜன்னல் வெட்டிக் கொடுத்தார். அதைப் புத்தகத்தின் மேல் வைத்தால் ஒரு வரி மட்டுமே தெரியும். இவ்வளவுதான் அம்மா! ஒரு துண்டு அட்டை! ஏழெட்டு வருடம் இது ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று என் வயிறு எரிகிறது.

3. கடந்த மார்ச் மாதம் ஆடுகளுக்குப் பூச்சி மருந்து ஊற்றப் போனேன். கனிஷாய் புட்டியை வாங்கி, அட்டையை வைத்து வாசித்து, "அப்பா, ஊத்தாதீங்க. இது போன வருஷமே காலாவதி ஆயிடுச்சு" என்றாள். நான் தெருவில் இறங்கி, "என் மருந்து கெட்டுப்போச்சு! என் பொண்ணு படிச்சுச் சொல்லிட்டா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். மருந்து கெட்டதற்குக் கூத்தாடிய மேய்ப்பன் இம்மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

4. கால்நடைத் தொழிற்கல்லூரியில் சேர அவளுக்கு ஒன்பதாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். ஜூன் நான்காம் தேதி தேர்வு. தலைமையாசிரியரோ, "பால்பண்ணை எப்பய்யா பள்ளிக்கூடமாச்சு? அங்க மணி கூடக் கிடையாது" என்று விரட்டுகிறார். ஆனால், பள்ளியில் பெயர் இல்லாதவர்கள் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதத்தோடு தனித்தேர்வராக எழுதலாம் என்று தங்கள் அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறது. அதை எனக்கு வாசித்துக் காட்டியவளும் இவளே.

5. ஊரார் எல்லோரும் மேய்ச்சல் மலைக்குப் போய்விட்டார்கள். என் ஆடுகள் மட்டும் பட்டியில் நின்று கத்துகின்றன. கடைசியாகக் கிளம்பிய கச்கின் குதிரை மேலிருந்தபடியே, "என்ன அண்ணே, ஆடும் பரீட்சை எழுதப் போகுதா?" என்று கேட்டான். "ஆமாடா, உன்னவிட நல்லாவே எழுதும்" என்று சொல்லி அனுப்பினேன். இருந்தாலும் ஊருக்குள் புல் தீர்ந்துவருவது உண்மை.

ஆகவே, அனுமதிக் கடிதத்தைத் தேர்வுக்கு முன் வழங்கியருள வேண்டுகிறேன். மலைக்குப் போகும் பாதை தங்கள் அலுவலக வாசல் வழியாகவே செல்கிறது. கடிதம் கிடைத்தால், மகள் தேர்வெழுதி வந்து குதிரையேறியதும் தங்களை வாழ்த்திக்கொண்டே கடந்துபோவோம். கிடைக்காவிட்டால் தேர்வு நாளன்று காலை நானூறு ஆடுகளும் அவ்வாசலில் காத்து நிற்கும். அங்குள்ள ரோஜாச் செடிகளுக்கு நான் பொறுப்பேற்க இயலாது. இது மிரட்டல் அல்ல. மலைக்கு வேறு பாதை இல்லை.

நாள்: மே 24
இடம்: கோக்-ஜார்

தங்கள் உண்மையுள்ள,
பெய்ஷென் சகின்பாயெவ்

பின்குறிப்பு: அம்மா, இதை அப்பா சொல்லவில்லை. அவர் ஆடுகளைப் பார்க்க வெளியே போயிருக்கிறார். ஆடுகள் நானூறு இல்லை, இருநூற்றுப் பதினாறுதான். மற்றதெல்லாம் உண்மை. பிழைகள் இருந்தால் அவை என்னுடையவை; இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். நான் இந்தத் தேர்வை எழுதியே ஆக வேண்டும்.
– கனிஷாய்