நாலு கல் என் பையில்

என் செல்வி அக்காவுக்கு, எங்கே இருந்தாலும் கொஞ்சம் கால் நீட்டி உட்கார்ந்து இதைக் கேள்.

சாப்பாட்டு மணி அடித்து மெஷின்கள் ஓய்ந்ததும் எனக்கு அந்தச் சத்தம் கேட்கிறது. சிமெண்டுத் தரையில் கல் விழுந்து உருளும் சத்தம். திரும்பிப் பார்த்தால் ஜன்னலோரத்தில் யாரும் இல்லை. வெளியே பெங்களூர்ப் பொம்மனஹள்ளியே ஹார்ன் அடித்தாலும் அது மட்டும் தனியாகக் கேட்கிறது. உனக்கும் கேட்கிறதா?

கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்களின் ஒரே வரிசை லைன் வீடுகளில் பிறந்து, இந்தக் கார்மெண்ட்ஸில் எதிரெதிர் மெஷினில் வந்து உட்கார்ந்தவர்கள் நாம். சுரங்கத்து மேட்டில் பொறுக்கிய ஐந்து வெள்ளைக் கற்களைக் கல்யாணமாகி வரும்போதும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தவள் நீ. "தங்கம் போன எடத்துக்குப் போச்சு, கல்லாவது நம்மகூட வரட்டும்டி" என்பாய்.

சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு ஜன்னலோரம் தரையில் அஞ்சாங்கல் ஆடுவோம். ஒன்றை மேலே போட்டு, அது இறங்குவதற்குள் கீழே இருப்பதை அள்ள வேண்டும். மணிக்கு எத்தனை சட்டைக் காலர் என்று நாளெல்லாம் எண்ணுகிற இடத்தில், நம் கைகள் யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்தது அந்தக் கால் மணி நேரம்தான். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் நீ அழுகுணி ஆட்டம் ஆடி, மாட்டிக்கொண்டு சிரிப்பாய். என் முதுகுவலி எங்கே போகுமென்றே தெரியாது. விளையாட்டு சின்னப் பிள்ளைகள் சமாசாரம் என்று யார் சொன்னது? நமக்குத்தான் அது அதிகம் தேவைப்பட்டது.

பிறகு என்னை நம் தையல் லைனுக்கு சூப்பர்வைசர் ஆக்கினார்கள். நீலக் கோட்டு போட்டதும் கூடவே ஒரு மிடுக்கும் வந்துவிட்டது. "தரையில உக்காந்து கல்லாட்டமா? உங்க லைன் ஆளுங்கதானே?" என்று மேனேஜர் ஒரு நாள் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நேராக ஜன்னலோரம் வந்தேன். சுற்றிலும் நம் லைன் பெண்கள் உட்கார்ந்திருக்க, நீ கடைசிக் கட்டத்தில் இருந்தாய். கல் மேலே போயிருந்தது. அது இறங்குவதற்குள் குனிந்து, கீழே கிடந்த நான்கையும் நான் அள்ளிவிட்டேன்.

உன் முகம் எப்படி மலர்ந்தது அக்கா! "அடியே, கை இன்னும் மறக்கலடி உனக்கு! வா, உக்காரு" என்று தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாய். நான் ஆட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாய். நான் கற்களைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, "எந்திரிங்க" என்று எல்லோரிடமும் சொல்லி, உன்னைப் பார்த்து "நீங்களுந்தான்" என்றேன். உன்னை நான் 'நீங்க' என்றது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரமே நெஞ்சுவலி என்று படுத்த நீ எழுந்திருக்கவே இல்லை. ஐந்தாவது கல்லை, உன் மெஷின் டிராயரில் நூல் பாபின்களுக்கு நடுவே, உன் இடத்துக்குப் புதிதாக வந்த மஞ்சுளா கண்டெடுத்தாள். "இது யாருதுக்கா? எங்க ஊர்லயும் ஆடுவோம். மத்த கல்லுங்க இருக்கா?" என்று கன்னட வாடைத் தமிழில் கேட்டாள். பைக்குள் நான்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இல்லை என்று சொல்லிவிட்டேன். மற்றவை திரும்பி வரும் என்றுதான் அதைப் பத்திரமாக வைத்திருந்தாயா?

இப்போது சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நீதான் கல்லை உருட்டுகிறாய் என்று எனக்குத் தெரியும். கோபமா, கூப்பிடுகிறாயா என்பதுதான் தெரியவில்லை. பயமாக இருக்கிறது அக்கா.

நாளை மத்தியானம் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, ஜன்னலோரம் தரையில் உட்காரப் போகிறேன். மேனேஜர் பார்த்தால் பார்க்கட்டும். மஞ்சுளாவை அவள் எடுத்த கல்லோடு கூப்பிட்டுக்கொள்வேன். ஆனால் முதல் ஆட்டம் உன்னுடையது. நான்கையும் நீ விட்ட இடத்திலேயே வைத்துவிட்டு, உனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்காருவேன்.

உன் தங்கச்சி,
எதிர் மெஷின் சாந்தி