ஜவுளி மூட்டையோடு போனவர்

அத்தா,

அன்று திருச்சுழி தாலுகா ஆபீஸ் வாசலில் நான் உங்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு. "எங்கத்தா ஓடித்தான் போயிருப்பாக போல" என்று நீங்கள் வெயிலைப் பார்த்துச் சொன்னபோது, நான் மறுக்கவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டினேன்.

இன்று வேறு எதையோ தேடிக் கைப்பையைக் கவிழ்த்தபோது, நான்காய் மடித்த அந்தப் பதிவேட்டு நகல் விழுந்தது. மடிப்பில் கிழியத் தொடங்கியிருக்கிறது.

உங்களுக்கு மூன்று வயதில் உங்கள் அத்தா, நான் பார்த்தேயிராத என் தாத்தா, ஜவுளி மூட்டையைச் சுமந்துகொண்டு நரிக்குடிப் பக்கம் விற்கப் போனார். திரும்பவில்லை. இலங்கைக்குப் போய் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று ஊர் முடிவு செய்தது. உங்கள் அம்மா கடைசிவரை தாலியான கருகமணியைக் கழற்றவில்லை. கணவன் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள் ஒதுங்கி இருக்க வேண்டிய இத்தாவும் இருக்கவில்லை. இறந்தார் என்று யார் வந்து சொன்னார்கள்? உங்களுக்குத் தலை நரைத்த பிறகும் டீக்கடையில் உங்கள் கூட்டாளி சாகுல் மாமா விடமாட்டார்.

"ஏலே, ஒங்கத்தா கொண்டுபோன ஜவுளி இன்னும் விக்கலையா?"

"நல்ல வெல வரட்டும்னு இருக்காக" என்று நீங்களும் சிரிப்பீர்கள்.

ஆனால் தொழுது முடித்துக் கையேந்தும்போது நீங்கள் தடுமாறுவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். இருப்பவருக்கு ஆயுளும் சுகமும் கேட்க வேண்டும், இறந்தவருக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். நீங்கள் எதைக் கேட்பீர்கள் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "எங்க இருக்காகளோ அங்க நல்லா இருக்கட்டும்னு சொல்லி முடிச்சிருவேன்மா. ஆனா மனசு நெறைய மாட்டேங்குது" என்றீர்கள். உங்களுக்கு முதல் முறை நெஞ்சுவலி வந்த பிறகு, இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று இருவரும் கிளம்பினோம்.

நாம் செய்த தவறு நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடியது. நம்மவர் ஒருவர் இறந்தால் பள்ளிவாசலும் அடக்கம் செய்ய மையவாடியும் உள்ள ஊருக்குத்தானே எடுத்துப் போவார்கள் என்று, பள்ளிவாசல் உள்ள ஊர்களின் இறப்புப் பதிவேடுகளை மட்டும் கேட்டு வாங்கிப் பார்த்தோம். மூன்று நடை. மூன்றாவது நடையில்தான் நீங்கள் வாசலில் நின்று அப்படிச் சொன்னீர்கள். நான்காவது நடையில், பதிவறையில் இருந்த அலுவலர் அம்மா நம் பட்டியலை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"பொதைச்ச ஊரத் தேடுறீகளே. உசுரு போன ஊர்லல்ல எழுதியிருப்பாக."

பள்ளிவாசல் இல்லாத ஊர்களின் கட்டுகள் வந்தன. இரண்டாவது கட்டைப் பிரித்தபோது உங்கள் அத்தாவின் பதிவு இருந்தது. பெயர் காதர் மைதீன். தொழில் ஜவுளி வியாபாரம். சொந்த ஊர் அருப்புக்கோட்டை. காரணம் வாந்திபேதி. தகவல் தந்தவர் என்ற இடத்தில் அந்த ஊரில் விவசாயம் பார்த்த சம்சாரி ஒருவரின் பெயர். பெருநாளுக்கு மறுநாள் புறப்பட்டார் என்று உங்கள் அம்மா சொல்லிச் சொல்லி உங்களுக்கு மனப்பாடம். அந்த வருடத்துப் பெருநாளை நான் போனில் தேடி எடுத்தேன். அதிலிருந்து பதிவேட்டில் இருந்த தேதிவரை நீங்கள் விரல்விட்டு எண்ணினீர்கள். வீட்டை விட்டுப் போன ஒன்பதாம் நாள். ஓடவில்லை. வேறு குடும்பமும் இல்லை.

ஷேர் ஆட்டோ பிடித்து அந்த ஊருக்குப் போனோம். சம்சாரியின் பேரனுக்கே எழுபது வயதிருக்கும். "எங்க மாட்டுக் கொட்டத்துலதான் படுத்துக் கெடந்தாகளாம். வண்டி கட்டி, பள்ளிவாசல் இருக்க ஊர்ல ஒப்படைச்சோம்னு தாத்தா சொல்வாக. அவுக ஆளுகளே வீட்டுக்குச் சொல்லி விட்டுருவாகன்னு நெனச்சுட்டாக" என்றார். அங்கிருந்து பள்ளிவாசல் ஊருக்குப் போனால், வண்டி கொண்டுவந்தவர்கள் வீட்டுக்குச் சொல்லியிருப்பார்கள் என்று இந்த ஊரார் இருந்திருக்கிறார்கள். வெளியூர் மையத்துகளை அடக்குவது கிழக்கு வேலி ஓரத்தில் என்று காட்டினார்கள். எந்தக் குழி என்று தெரியவில்லை. உங்களுக்கு அது போதுமாயிருந்தது. கையேந்தினீர்கள். அன்று நீங்கள் தடுமாறவில்லை.

ஊர் திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையிலிருந்து சாகுல் மாமா வழக்கம்போலக் கேட்டார்.

"வித்து முடிஞ்சிருச்சுலே" என்றீர்கள். "ஒம்பதே நாள்ல."

மாமா டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை உங்கள் அத்தா பெயரில் ஃபாத்திஹா ஓத ஏற்பாடு செய்தது அவர்தான். நீங்கள் புதுச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு போனீர்கள்.

அன்று வாசலில் சொல்லாததை நான் பிறகும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். உங்களிடமிருந்து எனக்கு வந்தது ஒரு பழக்கம். எந்தப் படிவத்திலும் ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விடுவதில்லை. எழுபது வருடம் கழித்து யாராவது தேடி வரலாம்.

நீங்கள் தை மாதம் போனீர்கள். மறுவாரம் உங்கள் இறப்பை நானே போய்ப் பதிந்தேன். அடக்கிய இடத்துக்கு அதில் கட்டம் இல்லை என்றார்கள். எனக்குத் தந்த நகலின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், மையவாடி வேப்பமரத்திலிருந்து எத்தனை எட்டு என்பது உட்பட. தகவல் தந்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது.