உனக்கு மட்டும் ஒரு ஜெபக்குறிப்பு

ஜனவரி 9

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

ஸ்தோத்திரம். உன் சபையார் அனுப்பிய பெட்டிகளைப் பார்சல் வண்டிக்காரர் நேற்று இறக்கிவிட்டுப் போனார். உயிர் தப்பி ஓடிவந்தவர்களுக்குக் குதிகால் செருப்பும் நீச்சல் உடையும் எதற்கடா? ஒரு கோட்டில் பொத்தான் ஒன்றுகூட இல்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாதுதான். ஆனால் மாட்டுக்குப் பல் என்று ஒன்றாவது இருக்க வேண்டாமா? போர்வை அனுப்பு. குளிர் தாங்கும் காலணி அனுப்பு.

என் சலவைக் கடைக்கு மேலே உள்ள அறையில் இப்போது ஒரு குடும்பம் இருக்கிறது. கடிகாரம் பழுது பார்க்கிறவர், அவர் மனைவி, ஒரு சின்னப் பெண். துணி உலர்த்தும் இயந்திரத்தின் சூடு மேலே ஏறுவதால் அந்த அறை மட்டும் கதகதப்பாக இருக்கிறது. வீட்டில் நாலு பேர் கூடி ஜெபம் செய்தார்கள் என்பதற்காக சொந்த ஊரில் இவர்கள் வீட்டைக் கொளுத்திவிட்டார்கள். “சும்மா உக்காந்து சாப்பிட்டா தொண்டையில இறங்கல அக்கா” என்றார் கடிகாரக்காரர். இஸ்திரி மேசையில் ஒரு ஓரத்தை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறேன். தெருவில் ஓடாத கடிகாரமெல்லாம் இப்போது என் கடையில்தான்.

இனிச் சொல்வது உனக்கு மட்டும். கடிகாரக்காரருடைய தம்பி இன்னும் அந்த ஊரில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு மாவு மில்லின் பின்னறையில் ஒளிந்திருக்கிறார். மில்காரர் வேறு மதத்தவர், ஆனாலும் தன் தலையைப் பணயம் வைத்து ஒளித்து வைத்திருக்கிறார். மாதக் கடைசியில் மாவு மூட்டை வண்டியில் வெளியே கொண்டுவரப் பார்க்கிறார்கள். போனில் சொல்லப் பயந்துதான் வண்டிக்காரர் கையில் இந்தக் காகிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன். அவருக்காக ஜெபி. முழங்காலில் நின்று சொல், வாயைத் திறந்து யாரிடமும் சொல்லாதே. பள்ளியில் நான் கணக்குப் பரீட்சையில் கோட்டைவிட்டதை அம்மா ஜெபக்குறிப்பாகக் கொடுத்து, ரொட்டிக் கடைக்காரர்கூட என்னைப் பார்த்து “ஜெபிக்கிறோம்மா” என்றாரே, ஞாபகம் இருக்கிறதல்லவா?

உன் அன்பு அக்கா

ஜனவரி 20

என் அன்பான அக்காவுக்கு,

இயேசுவின் நாமத்தில் வாழ்த்துக்கள். நல்ல செய்தியோடு எழுதுகிறேன். ஞாயிறு ஆராதனையில் உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். சபையே அழுதது. பின்வரிசையில் தூங்குகிறவர்கள்கூட எழுந்து நின்று ஜெபித்தார்கள். போர்வை மலைபோல் குவிந்துவிட்டது. காலணி வாங்க வாலிபர் சங்கம் முன்வந்திருக்கிறது.

நீ சொன்னது நினைவிருக்கிறது, கவலைப்படாதே. பெயர் எதுவும் சொல்லவில்லை. கடிகாரக்காரரின் தம்பி, மாவு மில் பின்னறை, மாதக் கடைசி, அவ்வளவுதான். குறிப்பாகச் சொன்னால்தானே குறிப்பாக ஜெபிக்க முடியும்? வர முடியாதவர்களுக்காக நம் சபையின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். எத்தனை பேர் ஆமென் போட்டார்கள் தெரியுமா! உன் ஊழியத்தை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

உன் தம்பி

பிப்ரவரி 2

தம்பிக்கு,

போனில் திட்டியது போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் கைக்கு வந்த நிமிடமே உன்னைக் கூப்பிட்டேன். நீயும் அழித்துவிட்டேன் என்றாய். எதை அழித்தாய்? உன் போனில் இருந்ததை. உன் சபையார் அவரவர் சொந்தக்காரர்களுக்கு அனுப்பி, அவர்கள் அடுத்த குழுவுக்கு அனுப்பி, அது அந்த ஊருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. கடிகாரக்காரரின் தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே என்று தெரியவில்லை. மில்லைக் கொளுத்திவிட்டார்கள். மில்காரருக்குக் கை முறிந்திருக்கிறது. அவர்தான் யாரிடமோ சொல்லி அனுப்பினார்: வந்தவர்கள் கையில் போன் இருந்ததாம், உன் செய்தியைச் சத்தமாக வாசித்துக் காட்டினார்களாம். கடைசி வரியில் “ஆமென், பகிருங்கள்” என்று இருந்ததாம்.

பகிருங்கள்! ஒரு மனிதனுடைய உயிர் என்ன கல்யாணப் பத்திரிகையா, ஊரெல்லாம் கொடுக்க? கர்த்தரைக் காட்டிக்கொடுத்தவனாவது காசு வாங்கிக்கொண்டான். நீ ஆமெனுக்காகச் செய்துவிட்டாய்.

கடிகாரக்காரர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “அங்க எப்படிக்கா தெரிஞ்சுது?” என் தம்பியால் என்று சொன்னேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

அக்கா

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் நியாயம்தான். எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் இதிலும் தேவனுடைய சித்தம் ஒன்று இருக்கும் என்று நம்புகிறேன். அவர் அறியாமல் ஒரு முடியும் கீழே விழாது அல்லவா? நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று உனக்குத் தெரியும். யாரோ ஒருவர் வெளியே அனுப்பியதற்கு நாம் என்ன செய்ய முடியும்?

சபைக்கு முன்னால் நடந்ததைச் சொல்லலாம் என்று நினைத்தேன். மூப்பர்கள் வேண்டாம் என்கிறார்கள். சபைக்குக் கெட்ட பெயர், காணிக்கையும் உதவியும் நின்றுவிடும் என்கிறார்கள்.

அதற்குப் பதிலாக ஒருநாள் உபவாச ஜெபம் வைக்கிறோம். அந்தத் தம்பியின் பெயரை மட்டும் எழுதி அனுப்பு. முடிந்தால் ஒரு போட்டோவும்.

உன் தம்பி

பிப்ரவரி 24

தம்பிக்கு,

போர்வைகளும் காலணிகளும் வந்தன. நல்ல கனமான போர்வைகள். சின்னப் பெண்ணுக்குக் காலணி சரியாக இருக்கிறது. உன் சபையாருக்கு என் நன்றியைச் சொல். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கொடுப்பதை நிறுத்தவும் சொல்லாதே, அடுத்த வாரம் இன்னொரு குடும்பம் வருகிறது. சாமான் பற்றி இனி வண்டிக்காரரே உன்னிடம் வாயால் சொல்லுவார்.

பெயர் வேண்டுமாம், போட்டோ வேண்டுமாம். பட்டும் உனக்குப் புத்தி வரவில்லையா? யாருக்காகக் கேட்கிறாய்? கர்த்தருக்கு அவர் பெயர் தெரியும்.

அப்புறம் அந்தத் தேவ சித்தம். கர்த்தர் அவரை மாவு மூட்டைக்குள் மறைத்து வைத்திருந்தார். மைக்கைப் பிடித்து வெளியே இழுத்தது நீ. உன் வேலையைக் கொண்டுபோய் கர்த்தர் தலையில் கட்டாதே. என்றைக்குப் பீடத்தில் ஏறி, “நாம்” என்று மழுப்பாமல் “நான் செய்தேன்” என்று சொல்கிறாயோ, அன்றைக்கு எனக்கு எழுது. அதுவரை எழுதாதே. எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். கடையைச் சாத்தியதும் இஸ்திரி மேசையைச் சுற்றி நின்று ஜெபிக்கிறோம். கடிகாரக்காரர் தினமும் “தம்பியைக் காப்பாத்தும் ஆண்டவரே” என்று கேட்கிறார். இரண்டு தடவை கேட்கிறார். தாங்க முடியாமல்தான் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன். நேற்று அவர் மனைவி இல்லாத நேரத்தில் ஏன் இரண்டு தடவை என்று கேட்டேன்.

“ஒண்ணு என் தம்பிக்கு. இன்னொண்ணு உங்க தம்பிக்குக்கா. அவரும் எங்கேயோ மாட்டிக்கிட்டுத்தானே இருக்காரு” என்றார்.

அந்த மனிதருடைய மனசு எனக்கு இல்லை. முதல் தடவைக்குத்தான் நான் ஆமென் சொல்கிறேன்.

அக்கா